பினாங்கில் பசியாறுவது எப்படி? கடிகாரம் பார்த்துச் சாப்பிட ஒரு முழு வழிகாட்டி

மலேசியத் தமிழர்கள் காலை உணவு சாப்பிடுவதைப் பசியாறுதல் என்பார்கள். பினாங்கின் ஜார்ஜ் டவுனில் காலையில் தெரிந்தவர் எதிரே வந்தால் முதலில் கேட்பது "பசியாறியாச்சா?" என்றுதான். மலாய்க்காரர் "சுடா மாக்கான்?" என்பார். ஹொக்கியன் பேசும் சீனர் "சியாக் பா போய்?" என்பார். மூன்றுக்கும் சாப்பிட்டாச்சா என்றே பொருள். மூன்று மொழியிலும் நலம் விசாரிப்பதே சாப்பாட்டை வைத்துத்தான் என்றால், அந்த ஊர் எதை மதிக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

வெளியூர் போனால் நல்ல சாப்பாட்டை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் பினாங்குக்குப் போகச் சொல்வேன். அங்கே பழகியது எந்த ஊரிலும் கைகொடுக்கும். முதல் முறை நான் போனபோது கைப்பேசியில் இருபது கடைகளின் பட்டியல் இருந்தது. மூன்று நாள் அலைந்ததில் பாதிக் கடைகள் மூடிக்கிடந்தன. காலைக் கடைக்கு மத்தியானம் போயிருக்கிறேன், இரவுக் கடைக்குச் சாயங்காலம் போயிருக்கிறேன். நாலாவது நாள்தான் விஷயம் புரிந்தது. அங்கே ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு வேளை உண்டு. ஓர் அங்காடிக்காரர் பெரும்பாலும் ஒரே ஒரு பண்டம்தான் செய்வார், அதையும் சில மணி நேரம்தான் விற்பார், சட்டி காலியானதும் கிளம்பிவிடுவார். அதனால் கடையின் பெயரைத் தேடும் முன் பண்டத்தின் வேளையைத் தெரிந்துகொள்ளுங்கள். கீழே சொல்லியிருப்பதெல்லாம் அந்த வரிசையில்தான்.

போவதற்கு முன்

குறைந்தது மூன்று முழு நாட்கள் வேண்டும். ஒரு நாளில் முடிக்க நினைத்தால் வயிறும் தாங்காது, நாக்கும் மரத்துப்போகும். இரண்டு மூன்று பேராகப் போவது நல்லது. ஒரு தட்டு வாங்கிப் பங்கிட்டால் ஒரே காலையில் நாலு பண்டம் பார்த்துவிடலாம்.

தங்குவது ஜார்ஜ் டவுனின் பழைய நகரத்துக்குள் இருக்கட்டும். 2008இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த பகுதி அது. சூலியா தெரு, காம்பெல் தெரு, கிம்பர்லி தெரு, லிட்டில் இந்தியா எல்லாமே நடக்கிற தூரம். கோலாலம்பூரிலிருந்து வருகிறவர்கள் பட்டர்வொர்த் வரை ரயிலில் வந்து அங்கிருந்து ஃபெரியில் தீவுக்குப் போகலாம். விமானத்தைவிட எனக்கு இந்த வழிதான் பிடிக்கும்.

அப்புறம் கொஞ்சம் மலாய்ச் சொற்கள். நாசி என்றால் சோறு. ஆயாம் கோழி, இக்கான் மீன், உடாங் இறால், சோத்தோங் கணவாய், தெலூர் முட்டை, சாயூர் காய்கறி, பெடாஸ் காரம். கடைக்குக் கெடாய் என்பார்கள், அது நம் கடைதான். கறியும் அங்கே காரியாகக் குடியேறிவிட்டது. கவனமாக இருக்க வேண்டிய சொல் ஒன்று உண்டு: டாகிங். பொதுவாக இறைச்சி என்று பொருள்பட்டாலும், உணவுப் பட்டியலில் டாகிங் என்று மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் மாட்டிறைச்சி. மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் இந்த ஒரு சொல்லை மட்டுமாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பன்றி இறைச்சிக்கு பாபி. முஸ்லிம் வாசகர்கள் ஹலால் சின்னம் இருக்கிறதா என்று பார்த்து உட்காருங்கள். சீனர்களின் கோப்பிக்கடைகளில் பன்றிக்கொழுப்பு சாதாரணம்.

முதல் காலை: கோப்பிக்கடை

ஏழு எட்டு மணிக்குள் ஒரு கோப்பித்தியாமுக்குப் போய்விடுங்கள். கோப்பி மலாய்ச் சொல், தியாம் என்றால் ஹொக்கியனில் கடை. உள்ளே நுழைந்ததும் குழப்பமாக இருக்கும், ஏனென்றால் அது ஒரு கடை இல்லை. கட்டடத்துக்கு உரியவர் குடிக்கிற வகைகளை மட்டும் விற்பார். சுற்றிலும் உள்ள தள்ளுவண்டிகள் ஆளுக்கொருவருடையவை. முதலில் மேசை பிடியுங்கள். மேசையில் எண் இருந்தால் அதை மனதில் வைத்துக்கொண்டு வண்டிக்காரரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்து உட்காருங்கள். தட்டு வந்ததும் அவரவருக்குத் தனித்தனியாகக் காசு கொடுக்க வேண்டும். சில்லறை நோட்டுகள் அவசியம். குடிக்க ஏதாவது ஒன்று வாங்கியாக வேண்டும் என்பது எழுதாத விதி. கூட்டமாக இருந்தால் முன்பின் தெரியாதவர் உங்கள் மேசையில் வந்து உட்காருவார். அது அங்கே இயல்பு. அவரிடம் பேச்சுக் கொடுங்கள். "நல்ல கடை எது?" என்று கேட்டால் சுற்றுலாப் பயணிக்குச் சொல்லும் பதில்தான் வரும். "நேற்று ராத்திரி எங்கே சாப்பிட்டீர்கள்?" என்று கேளுங்கள். உண்மையான பதில் அதற்குத்தான் வரும்.

கோப்பி நம் டிகிரி காபி போல இருக்காது. ரொபஸ்டா கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கருக வறுத்து, துணிப் பையில் போட்டு வடிகட்டுவார்கள். புகையும் கருகிய வெல்லமும் கலந்தது போல ஒரு வாசம். வெறுமனே கோப்பி என்று கேட்டால் டின் பால் ஊற்றி இனிப்பாக வரும். கோப்பி ஓ என்றால் பால் இல்லை, சர்க்கரை உண்டு. கோப்பி ஓ கோசோங் என்றால் இரண்டும் இல்லை. கோப்பி சி என்றால் இனிப்பில்லாத கெட்டிப் பால், கூடவே சர்க்கரை. தேநீருக்கும் இதே கணக்குதான், கோப்பி இருக்கும் இடத்தில் தே போட்டுக்கொள்ளுங்கள். கோப்பியும் தேயும் கலந்தால் சாம். இனிப்பு அதிகம் வேண்டாம் என்றால் "கூராங் மானிஸ்" என்று சொல்லுங்கள். இந்த நாலைந்து சொற்களைச் சரியாகச் சொன்னால் கோப்பிக் கலக்குபவர் உங்களை வேறு மாதிரி பார்ப்பார்.

கோப்பியோடு ரொட்டி பாக்கார். வாட்டிய ரொட்டியில் வெண்ணெயும் காயாவும் தடவித் தருவார்கள். தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை, வாசனைக்குப் பாண்டான் இலை சேர்த்துக் கிண்டுவது காயா. பக்கத்தில் இரண்டு அரைவேக்காட்டு முட்டை வரும். உடைத்து ஊற்றி, சோயா சாஸ் இரண்டு சொட்டும் வெள்ளை மிளகுத்தூளும் போட்டு, ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடுங்கள்.

வயிற்றில் இடம் இருந்தால் ஹொக்கியன் மீ. ஒன்று சொல்லிவிடுகிறேன்: கோலாலம்பூரில் இதே பெயரில் கருப்பு சோயா சாஸில் வதக்கிய தடித்த நூடுல்ஸ் தருவார்கள். சிங்கப்பூரில் இறால் சாறு ஊற்றிப் புரட்டிய வெளிர் நிற நூடுல்ஸ். பினாங்கிலோ அது இறால் தலையும் ஓடும் கொதித்த செந்நிற சூப். முதல் தடவை தவறான கிண்ணம் வந்துவிட்டது என்று நான் திருப்பிக் கொடுக்கப் போனேன். பக்கத்து மேசைப் பெரியவர்தான் தடுத்து, மிளகாய் விழுதைக் கலக்கிக் குடிக்கச் சொன்னார். ஒரே பெயர், மூன்று ஊர், மூன்று உணவு. பெயரை வைத்து எதையும் முடிவு செய்யாமல் வண்டியருகே போய் எட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு அன்றைக்கு வந்தது.

மத்தியானம்: நாசி கண்டார்

இதற்கு அவசரப்படாமல் நேரம் ஒதுக்குங்கள். தமிழராகப் பினாங்குக்குப் போகிறவர் இந்தச் சாப்பாட்டை வெறும் சாப்பாடாகப் பார்க்க முடியாது.

கண்டார் என்றால் மலாயில் தோளில் சுமக்கும் காவடித் தண்டு. துறைமுகத்தில் வேலை செய்தவர்களுக்குத் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தண்டின் ஒரு முனையில் சோற்றையும் மறு முனையில் குழம்பையும் தொங்கவிட்டுத் தெருத்தெருவாகக் கொண்டுபோய் விற்றார்கள். தோள்சுமையின் பெயரே சோற்றின் பெயராகிவிட்டது. கடையநல்லூர், இராமநாதபுரம் பக்கத்திலிருந்து போன குடும்பங்கள் இந்தத் தொழிலில் நிறைய. காம்பெல் தெருவில் உள்ள ஹமீதியா கடை 1907இல் தொடங்கியது. இந்தக் கடைக்காரர்களை மாமாக் என்று மலேசியர்கள் எல்லோரும் சொல்வதும் நம் மாமாவிலிருந்து வந்ததுதான். பரிமாறுகிறவரைச் சீனர், மலாய்க்காரர் என்று பேதமில்லாமல் எல்லோரும் "அண்ணே" என்று கூப்பிடுவதைக் கேட்கும்போது மனசுக்குள் என்னவோ செய்யும்.

சாப்பிடும் முறை இதுதான். வரிசையில் நில்லுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் தட்டுத் தட்டாகக் குழம்பும் வறுவலும் இருக்கும். அண்ணே தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு உங்களைப் பார்ப்பார். முதலில் ஒரே ஒரு முக்கிய வகை: பொரித்த கோழி, கணவாய்க் குழம்பு, மீன் சினை, மீன் தலை, எது கண்ணில் படுகிறதோ அது. அடுத்து ஒரு காய். வேகவைத்த வெண்டைக்காயை பெண்டி என்பார்கள், அதை விட்டுவிடாதீர்கள். கடைசியாகக் குழம்பு. இங்கேதான் நாசி கண்டாரின் உயிர் இருக்கிறது. "குவா சம்போர்" என்று சொல்லுங்கள், எல்லாக் குழம்பும் கலந்து என்று பொருள். அவர் ஒரு சட்டியிலிருந்து கோழிக் குழம்பு, அடுத்ததிலிருந்து மீன் குழம்பு, இன்னொன்றிலிருந்து கருத்த இறைச்சிச் சாறு என்று ஒன்றின் மேல் ஒன்றாக ஊற்றிக்கொண்டே போவார். மாட்டிறைச்சிச் சாறு வேண்டாம் என்றால் ஊற்றும் முன்பே சொல்லிவிடுங்கள், ஊற்றிய பிறகு பிரிக்க முடியாது. இன்னும் நிறைய வேண்டுமென்றால் "பாஞ்சிர்". வெள்ளம் என்று பொருள், சோறு மிதக்கும்.

நம் ஊரில் சாம்பாரையும் மோர்க்குழம்பையும் ஒன்றாக ஊற்றினால் அம்மா திட்டுவார். அங்கே அந்தக் கலப்புதான் சுவை. ஒரு கவளத்தில் பட்டையும் சோம்பும், அடுத்ததில் புளியும் கறிவேப்பிலையும், அதற்கடுத்ததில் எது எதிலிருந்து வந்தது என்றே பிரிக்க முடியாத ஒரு கனமான ருசி. கையால் சாப்பிடுங்கள், கரண்டியால் இந்தக் கலப்பு ஏறாது.

விலையை முன்கூட்டியே கேளுங்கள். ஒருமுறை பெரிய இறால் ஒன்றைக் கேட்காமல் கை காட்டிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் சேர்த்ததைவிட அந்த ஒரு இறாலுக்கு அதிகம் கொடுத்தேன். இறால், மீன் தலை, மீன் சினை, கணவாய் இந்த நாலுக்கும் "பெராப்பா?" என்று கேட்டுவிட்டுப் போடச் சொல்லுங்கள்.

மூன்று மணி: ஆசாம் லக்சா

வெயில் தாழும் முன் ஆயர் ஈத்தாம் பக்கம் பேருந்து ஏறுங்கள். பெயருக்குக் கருப்புத் தண்ணீர் என்று பொருள். கெக் லோக் சி பௌத்தக் கோயில் மலையில் தெரியும், அடிவாரச் சந்தைப் பகுதியில் லக்சா கிடைக்கும்.

கிண்ணம் வந்ததும் உடனே கலக்காதீர்கள். ஒரு நிமிடம் பாருங்கள். அடியில் வெள்ளையான தடித்த அரிசி நூடுல்ஸ். மேலே மீனை வேகவைத்து உதிர்த்துக் கரைத்த பழுப்புச் சாறு, கெம்போங் என்னும் கானாங்கெளுத்தி வகை மீன். அதன் மேல் மெல்லச் சீவிய வெள்ளரி, அன்னாசி, வெங்காயம், புதினா, சிவப்பு மிளகாய். இளஞ்சிவப்பாகப் பொடிப்பொடியாகக் கிடப்பது பூங்கா கண்டான், இஞ்சிக் குடும்பத்துச் செடியின் மொட்டு. மல்லியும் எலுமிச்சைத் தோலும் ரோஜாவும் ஒன்றாக நுகர்ந்தது போல இருக்கும். புளிப்புக்குப் புளியோடு ஆசாம் கெலுகோர் என்ற பழத்தின் காய்ந்த வில்லைகளும் சேரும். அது குடம்புளியின் உறவு. கெலுகோர் என்று பினாங்கில் ஒரு பேட்டையே உண்டு, அந்த மரத்தால் வந்த பெயர். தீவின் பெயரும் அப்படித்தான், பினாங் என்றால் பாக்கு.

பீங்கான் கரண்டியில் தார் போலக் கருப்பாக ஒரு விழுது வைத்திருப்பார்கள். அது ஹே கோ, இனிப்பும் உவர்ப்பும் சேர்ந்த இறால் விழுது. முதலில் அது இல்லாமல் இரண்டு வாய் சாறு குடியுங்கள். பிறகு பாதியை மட்டும் கரையுங்கள். சாறு கெட்டிப்பட்டு, கடல் வாசம் ஏறி, புளிப்பு பின்னால் போவது நாக்கில் தெரியும். மீதியைக் கடைசியில் கரையுங்கள். ஒரே கிண்ணத்தில் மூன்று லக்சா சாப்பிட்ட மாதிரி.

காரத்துக்கு மருந்து செண்டோல். பழைய நகரத்துக்குத் திரும்பினால் கெங் குவீ சந்தில் வரிசை நிற்கும். சீவிய ஐஸ், தேங்காய்ப்பால், மலாக்கா வெல்லம், சிவப்பு பீன்ஸ், பாண்டான் சாறு கலந்த பச்சை மாவு இழைகள். நின்றபடியே சாப்பிட்டுவிட்டு நகர வேண்டியதுதான்.

இரவு: சட்டியருகே நிற்கும் வேளை

ஆறு ஏழு மணிக்குமேல் கிம்பர்லி தெருவிலும் சூலியா தெருவிலும் நியூ லேனிலும் வண்டிகள் வரிசைகட்டும். குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சியான சத்தே, சிப்பி முட்டைப் பொரியல், வாத்துக்கறி சூப் எல்லாம் உண்டு. நீங்கள் தேட வேண்டியது சார் குவே தியாவ்.

இதை உட்கார்ந்து காத்திருக்காதீர்கள், போய்ப் பாருங்கள். சட்டியில் பன்றிக்கொழுப்பும் பூண்டும் விழும். இறால் விழும். அகல அரிசி நூடுல்ஸும் முளைப்பயறும் விழும், சோயா சாஸ் ஒரு வீச்சு. எல்லாவற்றையும் ஓரம் ஒதுக்கி நடுவில் முட்டையை உடைத்து, வேகும் முன்பே மேலே புரட்டிவிடுவார். இரத்தச் சிப்பியும், பூண்டு வாசமுள்ள குச்சாய் இலையும் கடைசிக் கணத்தில். மொத்தம் இரண்டு மூன்று நிமிட வேலை. முக்கியமான விஷயம், நல்ல கைக்காரர் ஒரு நேரத்தில் ஒரு தட்டுக்குத்தான் வறுப்பார். நாலு தட்டை ஒன்றாகக் கொட்டினால் சட்டியின் சூடு இறங்கி, நூடுல்ஸ் வறுபடாமல் நீர் விட்டு வெந்துபோகும். சீனர்கள் வோக் ஹே என்று சொல்கிற அந்தச் சட்டியின் மூச்சு வராது. அதனால் கூட்டத்தைப் பார்க்காமல் சட்டியைப் பாருங்கள். தட்டுத் தட்டாக வறுக்கிறாரா? அங்கே நில்லுங்கள். சிப்பி அரைவேக்காடாகத்தான் இருக்கும். ஒத்துக்கொள்ளாது என்றால் "மாய் ஹாம்" என்று சொல்லிவிடுங்கள். பன்றிக்கொழுப்பு சேர்க்காத ஹலால் வகையும் ஊரில் கிடைக்கிறது.

உணவகங்களுக்குத் தரம் சொல்லும் மிஷெலின் கையேடு 2022 டிசம்பரில் முதல்முறையாகக் கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் வந்தது. அதில் இடம்பெற்ற வண்டிகளுக்கு முன்னால் நீண்ட வரிசை நிற்கிறது. ஒரு மணி நேரம் நிற்பதைவிட அந்த நேரத்தில் அடுத்த தெருவில் இரண்டு பண்டம் சாப்பிடலாம் என்பது என் கருத்து.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு

முடியும், ஆனால் விழிப்பு வேண்டும். பெலாச்சான் என்னும் இறால் விழுது கீரைப் பொரியலில்கூட இருக்கும். "சாயூர்" என்று மட்டும் சொன்னால் போதாது. "சாயா தா மாக்கான் டாகிங், ஆயாம், இக்கான், உடாங், பெலாச்சான்" என்று, நான் சாப்பிடாதவை இவை என எல்லாவற்றையும் அடுக்கிச் சொல்ல வேண்டும். முட்டையும் ஆகாது என்றால் தெலூரையும் சேருங்கள்.

லிட்டில் இந்தியாவில் வாழை இலைச் சாப்பாடு எளிதாகக் கிடைக்கும். 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் அங்கே குயின் தெருவில்தான் இருக்கிறது. தெருவண்டிகளில் அப்போமும், தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் தூவிய புட்டு மாயமும் பாருங்கள். புட்டு மாயம் என்பது நம் இடியாப்பமேதான். நம் பரோட்டா போன்ற ரொட்டி சானாய் வாங்கும்போது பருப்பு மட்டும் ஊற்றச் சொல்லுங்கள். இன்னொரு வழி பலருக்குத் தெரியாது. சீன நாட்காட்டியில் ஒவ்வொரு மாதமும் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பௌத்தர்கள் பலர் சைவம் சாப்பிடுவார்கள், அன்றைக்குச் சீன சைவக் கடைகள் களைகட்டும். ஒன்பதாம் சீன மாதத்தின் முதல் ஒன்பது நாட்கள் ஒன்பது பேரரசர் தெய்வங்களின் திருவிழா. மஞ்சள் கொடி பறக்கும் கடைகள் சைவம். சைவம் சாப்பிடுகிறவர்கள் அந்த நாட்களைப் பார்த்துப் பயணத்தை வைத்துக்கொண்டால் ஊர் முழுக்கச் சாப்பிடலாம்.

இரண்டாம், மூன்றாம் நாள்

முதல் நாள் வரிசையையே மீண்டும் நடங்கள், பண்டங்களை மட்டும் மாற்றுங்கள். காலையில் வான் தான் மீ என்னும் கொழுக்கட்டை நூடுல்ஸ், அல்லது இலையில் பொதிந்த தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக். சாயங்காலம் பசெம்போர்: நறுக்கிய வடை, சீவிய வெள்ளரி, செங்குவாங் கிழங்கு மேல் இனிப்பும் காரமுமான செம்மஞ்சள் குழம்பு.

ஒரு மத்தியானத்தை நோன்யா சமையலுக்கு விடுங்கள். சீனக் குடியேறிகள் மலாய் மசாலாவோடு வளர்த்த வீட்டுச் சமையல் அது. ஜியூ ஹூ சார் என்று செங்குவாங்கையும் உலர்ந்த கணவாயையும் ஊசி போல நறுக்கி வதக்கியிருப்பார்கள். அவ்வளவு நறுக்கலும் கையால். சங்குப்பூவால் நீலம் ஏற்றிய ஒட்டரிசிப் பலகாரமும் கேட்டு வாங்குங்கள், காயாவோடு தருவார்கள்.

ஜூன், ஜூலையில் போனால் பாலிக் புலாவுக்கு டுரியான் சாப்பிடப் போங்கள். தோட்டத்திலேயே பிளந்து தருவார்கள். மெல்லியதிலிருந்து கசப்பேறியது வரை வரிசையாகக் கேளுங்கள், முதலிலேயே கசப்பைத் தொட்டால் மற்றவை எடுபடாது. விடுதி அறைக்குக் கொண்டுபோக முடியாது, பெரும்பாலான இடங்களில் தடை.

வயிறு பற்றி ஒரு வார்த்தை. கண்ணெதிரே சூடாகச் செய்வதைச் சாப்பிடுங்கள். கடைச் சுவரில் நகராட்சி ஒட்டிய ஏ, பி, சி சுத்தத் தரச் சீட்டு இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் நடப்பதால் தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும். ஜாதிக்காய்ச் சதையில் செய்யும் ஆயர் பாலா, உப்பிட்ட பிளம் போட்ட அம்பரா சாறு இரண்டும் சோர்வு தீர்க்கும். ஜாதிக்காயின் சதையைக் குடிக்கலாம் என்பதே எனக்கு அங்கேதான் தெரிந்தது. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்கு வருவது உள்ளே இருக்கும் கொட்டையும் அதைச் சுற்றிய ஜாதிபத்திரியும்தான்.

கிளம்பும் காலை

சௌராஸ்தா சந்தையில் ஜாதிக்காய் ஊறுகாய் விதவிதமாக வைத்திருப்பார்கள். ருசி பார்க்கக் கொடுப்பார்கள், உலர்ந்ததை வாங்கினால் பையில் ஒழுகாது. பருப்புப் பூரணம் வைத்த தாவ் சார் பியா பிஸ்கட் வீட்டுக்கு எடுத்துப்போகத் தோதானது. சுட்ட சூட்டோடு இரண்டை அங்கேயே சாப்பிட்டுவிட்டுப் பெட்டியைக் கட்டச் சொல்லுங்கள்.

ஃபெரிக்குப் போகும் வழியில் கோப்பிக்கடையில் நின்று "கோப்பி ஓ, பூங்குஸ்" என்று கேளுங்கள். பூங்குஸ் என்றால் பொட்டலம். சூடான கோப்பியைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, மூலையில் உறிஞ்சு குழாயைச் செருகி, விரலில் மாட்டிக்கொள்ளக் கயிற்றால் வளையம் கட்டித் தருவார்கள். படகில் காற்றுப் படுகிற பக்கம் நின்று குடியுங்கள். பாதிக் கடலில் கோப்பி சரியான சூட்டுக்கு வந்திருக்கும்.